ஹைட்ராலிக் பம்ப் போகாமல் காப்பது எப்படி? நெல்லைச் சீமை ஜேசிபி, ஹிட்டாச்சிக்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

மண் அள்ளும் வண்டி வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் பேச்சு டீசல் விலையில் தொடங்கி ஹைட்ராலிக் பம்பில் வந்து நிற்கும். எண்ணெயை அழுத்தித் தள்ளி, அந்த விசையில் வண்டியின் கையையும் பக்கெட்டையும் அசைக்கிற பம்ப் அது. இன்ஜின் வேலையைக்கூட எப்படியாவது சமாளித்துவிடலாம். பெரிய வண்டியில் பம்ப் போனால் செலவு லட்சக்கணக்கில். வண்டி நிற்கிற நாட்களுக்கு மணி வாடகையும் கிடையாது. தவணை மட்டும் தேதி தவறாமல் வந்துவிடும்.

பம்ப் தானாகப் போவது அபூர்வம். பெரும்பாலும் வெளியிலிருந்து போன மண்தான் அதைத் தின்றிருக்கும். அந்த மண் எந்த வழியாகப் போனது என்று தேடினால், டேங்க் மூடியைத் திறந்த கை, ஓஸ் என்கிற எண்ணெய்க் குழாயை மாற்றிய இடம், கல் உடைக்கும் பிரேக்கரைக் கழற்றிப் போட்ட தரை என்று ஏதாவது ஒன்றில் போய் முடியும். எல்லாமே நாம் திறந்துவிட்ட வழிகள். கீழே சொல்லப்போவதில் முக்கால்வாசி அந்த வழிகளை அடைப்பது பற்றித்தான்.

உள்ளே என்ன நடக்கிறது

ஜேசிபி மாதிரி பேக்ஹோ வண்டிகளில் எண்ணெய் ஏறக்குறைய 250 பார் அழுத்தத்தில் ஓடுகிறது. ஹிட்டாச்சி மாதிரி 20 டன் எக்ஸ்கவேட்டரில் அது 340, 350 பார் வரை போகும். லாரி டயரில் நாம் அடிக்கிற காற்று எட்டு பார்தான் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டுமானால் பம்பின் பிஸ்டனும், எண்ணெயைத் திசைதிருப்பும் கண்ட்ரோல் வால்வுக்குள் நகரும் ஸ்பூல் தண்டும் தத்தம் துளைகளில் மிக நெருக்கமாக உட்கார வேண்டும். அந்த இடைவெளி பல இடங்களில் 5 முதல் 25 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் மைக்ரான்.

நம் கண்ணுக்குத் தெரிகிற மிகச் சிறிய துகளே சுமார் 40 மைக்ரான். ஆகவே, "எண்ணெயைப் பார்த்தேன், சுத்தமாத்தான் இருக்கு" என்று யாராவது சொன்னால் அதற்குப் பெரிய மதிப்பு கிடையாது. பம்பைக் கெடுக்கிற துகள் கண்ணில் படுகிற சாதியே அல்ல.

நம் சீமையில் இடத்துக்கு இடம் மண் மாறுகிறது. ராதாபுரம், பணகுடி பக்கம் குவாரியிலும் கிரஷரிலும் பறப்பது கருங்கல் தூள்; அதில் இருக்கும் குவார்ட்ஸ் சாதாரண இரும்பைக் கீறிவிடும். திசையன்விளை, உவரிப் பக்கத்துத் தேரிக்காட்டுச் செம்மணலும் குவார்ட்ஸ்தான். ஆனி, ஆடிக் காற்றில் அது எங்கும் புகும், பூட்டிய கேபினுக்குள்ளேயே சீட்டில் சிவப்பாகப் படியும். மானூருக்கு வடக்கே கரிசல்: காய்ந்தால் பொடி, நனைந்தால் சிலிண்டரிலிருந்து நீளும் ராடில் அப்பிக்கொண்டு உரிக்க வராது. கூடங்குளம், இடிந்தகரைப் பக்கம் உப்புக் காற்று. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் தூர்வாரப் போனால் வண்டலும் சீமைக்கருவேல முள்ளும். ஒரே வண்டி ஒரு வருஷத்துக்குள் இத்தனை இடத்திலும் வேலை செய்யும். "இத்தனை மணிக்கு ஒருமுறை" என்று புத்தகத்தில் போட்டிருக்கும் கணக்கை நாம் கொஞ்சம் கீழேயே வைத்துக்கொள்வது நல்லது.

படி 1: எண்ணெய் ஊற்றும் முறையை மாற்றுங்கள்

ஒரே ஒரு பழக்கத்தைத்தான் மாற்ற முடியும் என்றால் இதை மாற்றுங்கள்.

இப்போது எப்படி ஊற்றுகிறோம்? பேரலிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குடத்தில் பிடிக்கிறோம். காலையில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் கொண்டுவந்ததும் அதே குடம்தான். பழைய வேட்டியைக் கிழித்து டேங்க் வாயில் விரித்து, அதன் வழியாக ஊற்றுகிறோம். துணியில் வடிவதால் சுத்தம் என்று ஒரு நம்பிக்கை. வேட்டியின் இழைகளுக்கு நடுவே அந்த நுண்துகள் எல்லாம் தாராளமாகப் போகும். அதோடு பழைய துணியின் பஞ்சும் நூலும் உதிர்ந்து எண்ணெயோடு இறங்குகின்றன. டேங்கின் அடியில் சக்ஷன் ஸ்ட்ரெய்னர் என்று ஒரு வலை இருக்கிறது. நூலெல்லாம் போய் அதில் ஒட்டும். வலை அடைக்க அடைக்கப் பம்புக்கு எண்ணெய் பற்றாமல் போகும். மண்ணைத் தடுக்கக் கட்டிய துணி பம்பைப் பட்டினி போடுகிறது. மெக்கானிக்குகள் கை துடைக்கும் வேஸ்ட் பஞ்சும் இதே வேலையைத்தான் செய்யும். ஹைட்ராலிக் பக்கம் அதை அண்டவே விடாதீர்கள்.

சரியான முறை இது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பக்கெட்டைத் தரையில் வையுங்கள். இன்ஜினை அணைத்து, சாவியை மட்டும் ஆன் நிலையில் வைத்து லிவர்களை நாலு பக்கமும் ஆட்டினால் லைனில் தேங்கியிருக்கும் அழுத்தம் இறங்கும். டேங்கிலும் காற்றழுத்தம் இருக்கும். டேங்க் காற்றை இழுத்து விடும் பிரீதரில் உள்ள பட்டனை அழுத்தி அதை விடுங்கள். மூடியைத் திறக்கும் முன் மூடியையும் அதைச் சுற்றி ஒரு சாண் இடத்தையும் ஈரத்துணியால் துடைத்து, பஞ்சு உதிராத துணியால் மறுபடி துடையுங்கள். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் ஏர் அடிக்கக் கூடாது. பேரலில் மாட்டுகிற கைப்பம்பும், அதன் ஓஸில் 10 மைக்ரான் ஃபில்டரும் பொருத்தி எண்ணெயை நேராக டேங்குக்குள் ஏற்றுங்கள். இரண்டு வண்டி வைத்திருப்பவருக்கே இந்தச் செலவு கட்டுப்படியாகும்.

சீல் உடைக்காத பேரல் எண்ணெய்க்கு எதற்கு ஃபில்டர் என்று கேட்பார்கள். எண்ணெயின் சுத்தத்தை ஐஎஸ்ஓ 4406 என்ற தரக்குறியீட்டில் மூன்று எண்களாகச் சொல்வார்கள். எண் குறையக் குறையச் சுத்தம் கூடும். பிஸ்டன் பம்ப் வண்டிகளுக்கு 18/16/13 போல வைத்துக்கொள்ளச் சொல்வது வழக்கம். பேரலில் வருகிற புது எண்ணெய் பல சமயம் அந்த அளவுக்குச் சுத்தமாக இருப்பதில்லை. நிரப்புமிடம், பேரல், வழிப்பயணம் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக அழுக்கு சேர்ந்துதான் வருகிறது.

பேரலை வைக்கும் விதத்திலும் ஒன்று இருக்கிறது. வெட்டவெளியில் நட்டமாக நிறுத்தினால் மேல் தகட்டில் மழைத்தண்ணீர் தேங்கும். பகலில் பேரல் சூடாகிக் காற்று விரியும், இரவில் குளிர்ந்து சுருங்கும். சுருங்கும்போது மூடித் திருகின் வழியாகத் தேங்கிய தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். மூடி இறுக்கமாக இருந்தாலும் இது நடக்கும். பேரலைப் படுக்கப் போட்டு, இரண்டு மூடிகளும் கடிகாரத்தின் 3, 9 மணி நிலையில் இருக்கும்படி உருட்டி வைத்தால் போதும்.

கிரேடு விஷயத்தில் அதிகம் யோசிக்க வேண்டாம். எண்ணெயின் தடிமனைச் சொல்லும் ஐஎஸ்ஓ விஜி குறியீட்டில் 46, 68 இரண்டும்தான் இங்கே அதிகம் புழங்குகின்றன. உங்கள் வண்டியின் கையேடு நம் வெயிலுக்கு எதைச் சொல்கிறதோ அதையே ஊற்றுங்கள். இரண்டு கம்பெனி எண்ணெயைக் கலக்க வேண்டாம். நிறம் ஒன்றுபோல இருக்கிறது என்று கியர் ஆயிலை ஊற்றி வைத்த கதைகள் எல்லா ஊரிலும் உண்டு.

அளவு பார்ப்பதற்கு ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நிலை இருக்கிறது. சிலிண்டர்கள் நீண்டிருந்தால் எண்ணெய் அவற்றுக்குள் இருக்கும், டேங்கில் குறைவாகக் காட்டும். எந்தச் சிலிண்டரை நீட்டி எதைச் சுருக்க வேண்டும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டேங்க் பக்கத்து ஸ்டிக்கரில் படம் போட்டிருப்பார்கள். அதைப் பார்க்காமல் குறைகிறது, குறைகிறது என்று ஊற்றி, சிலிண்டர்கள் சுருங்கியதும் பிரீதர் வழியாக எண்ணெய் வழிவதைப் பல இடங்களில் பார்க்கலாம்.

படி 2: காலையில் வண்டியை ஒரு சுற்று

இன்ஜின் போடும் முன் வண்டியின் அடியில் தரையைப் பாருங்கள். புதிதாக எண்ணெய் சொட்டியிருந்தால் நேர் மேலே அண்ணாந்து பாருங்கள். அளவுக் கண்ணாடியில் எண்ணெய் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. வேலை முடிந்த கையோடு பார்க்கும்போது நுரை நின்றால் காற்று இழுக்கிறது. எண்ணெய் கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தால் அது சூட்டில் வெந்த எண்ணெய்.

தண்ணீர் சந்தேகமா? இதற்கென்று ஒதுக்கிய ஒரு இரும்புத் தகட்டை நன்றாகச் சுடவைத்து, கொஞ்சம் தள்ளி நின்று ஒரு சொட்டு எண்ணெயை விடுங்கள். பட்பட்டென்று வெடித்தால் தண்ணீர் இருக்கிறது.

காற்று இழுத்தாலும் எண்ணெய் பற்றாவிட்டாலும் பம்ப் ஊளையிடும், அல்லது உள்ளே சரளை உருளுகிற சத்தம் வரும். முதலில் டேங்கிலிருந்து பம்புக்கு வரும் தடித்த ஓஸின் கிளாம்ப்புகளைப் பாருங்கள். அந்த ஓஸில் எண்ணெய் வெளியே கசியாது, காற்றைத்தான் உள்ளே இழுக்கும்; கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. மூட்டைச் சுற்றிக் கொஞ்சம் எண்ணெயை விட்டுப் பாருங்கள். சத்தம் சட்டென்று மாறினால் அதுதான் இடம். சத்தம் மாறாவிட்டால் ஸ்ட்ரெய்னரில் அடைப்பு இருக்கலாம். அன்று வண்டியை ஓட்டாமல் டேங்கைத் திறந்துவிடுவது நல்லது.

கசிவு தேடும்போது ஓஸைக் கையால் தடவவே கூடாது. இன்ஜின் ஓடும்போது ஊசித்துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும், முதலில் வலிகூடப் பெரிதாக இருக்காது. உள்ளே சதை அழுகத் தொடங்கும், விரலையோ கையையோ இழக்க நேரிடும். அட்டைத் துண்டை நீட்டித்தான் பார்க்க வேண்டும். யாருக்காவது அப்படி ஏறிவிட்டால் மஞ்சள் தடவிக் காத்திருக்காமல், பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி போல அறுவைச் சிகிச்சை வசதி உள்ள இடத்துக்கு உடனே கொண்டுபோங்கள். "அதிக அழுத்தத்தில் எண்ணெய் உள்ளே போயிருக்கிறது" என்று டாக்டரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணக் குத்துக்காயம் என்று கட்டுப் போட்டு அனுப்பிவிடக்கூடும்.

படி 3: ஓஸ் மாற்றும்போது

"அண்ணாச்சி, ஓஸ் வெடிச்சிட்டு. பைக்க எடுத்துட்டு வள்ளியூருக்குப் போயி அடிச்சிட்டு வந்துருதேன்." ஆபரேட்டர் இப்படிச் சொன்னதும் நாமும் சரி என்கிறோம். பம்ப் சாகத் தொடங்குவது பெரும்பாலும் இந்த இரண்டு மணி நேரத்தில்தான்.

வெடித்த ஓஸைக் கழற்றியதும் வண்டியில் ஒரு திறந்த வாய் நிற்கிறது. ஆடிக்காற்றில் அது திறந்தே கிடக்கிறது. அடைக்க வேண்டும் என்று தோன்றினால் கையில் கிடைத்த துணியைத் திணிக்கிறார்கள். வண்டியில் எப்போதும் ஒரு டப்பாவில் நாலைந்து அளவு பிளாஸ்டிக் மூடிகளும் பிளக்குகளும் இருக்கட்டும். எதுவும் இல்லாவிட்டால் புது பாலித்தீன் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள். கழற்றும் முன்பே மூட்டைச் சுற்றியுள்ள மண்ணைச் சுரண்டித் துடைத்துவிட வேண்டும். நட்டைத் தளர்த்திய பிறகு துடைத்தால் மண் நேரே உள்ளேதான் போகும்.

அடுத்தது ஓஸ் அடிக்கிற, அதாவது ஓஸை வெட்டி முனை பொருத்தித் தருகிற கடை. சக்கரக் கட்டரில் ஓஸை வெட்டும்போது கறுப்புத் தூள் பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரப்பர், கம்பித் துகள், கட்டர் கல்லின் பொடி மூன்றும் கலந்த தூள் அது. வெளியே பறப்பது போலவே ஓஸின் உள்ளேயும் போகிறது. பெரும்பாலான கடைகளில் ஒரு ஊது ஊதிவிட்டு முனையைப் பொருத்தி அழுத்திக் கொடுத்துவிடுவார்கள். உள்ளே எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிய தூள் வெறும் காற்றுக்கு அசையாது. ஸ்பாஞ்சு உருண்டையைக் காற்றுத் துப்பாக்கியில் போட்டு ஓஸின் உள்ளே செலுத்திச் சுத்தம் செய்யும் கருவி இருக்கிறது. அது உள்ள கடையைத் தேடிப் பிடியுங்கள், பத்து கிலோமீட்டர் கூடுதல் என்றாலும். இல்லாத கடையில் சுத்தமான ஹைட்ராலிக் எண்ணெயை ஊற்றி இரண்டு மூன்று முறை அலசி வடித்துவிட்டு, இரண்டு முனையும் மூடித்தான் வாங்கி வர வேண்டும். பைக் ஹேண்டில்பாரில் திறந்த ஓஸைத் தொங்கவிட்டுக்கொண்டு புழுதிச் சாலையில் வருவதைத் தினமும் பார்க்கிறோம்.

ஓஸின் மேல் அச்சடித்த வரி ஒன்று நீளமாக ஓடும். அழுத்த அளவு, தயாரித்த காலம் எல்லாம் அதில் இருக்கும். பழைய ஓஸில் என்ன அளவோ அதற்குக் குறையாமல் வாங்குங்கள். நாலு சுற்றுக் கம்பி ஓஸ் இருந்த இடத்தில் விலை குறைவு என்று இரண்டு பின்னல் ஓஸைப் போடக் கூடாது. மாட்டிய பிறகு அந்த வரி நேராக ஓடுகிறதா, முறுக்கிக்கொண்டு போகிறதா என்று பாருங்கள். முறுக்கியிருந்தால் அழுத்தம் ஏறும்போதெல்லாம் ஓஸ் நிமிரப் பார்க்கும், சீக்கிரமே முனையருகில் வெடிக்கும். இறுக்கும்போது இரண்டு ஸ்பானர் வேண்டும். ஒன்று ஓஸைப் பிடிக்க, ஒன்று நட்டைத் திருக. கசிவை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ ரிங் எப்போதும் புதிது. ஓ ரிங் உட்கார வேண்டிய மூட்டில் டெஃப்லான் டேப்பும் பசையும் போடுவது வேண்டாத வேலை. பிய்ந்த டேப் வால்வுக்குள்தான் போய் நிற்கும்.

சீமைக்கருவேலம் அகற்றும் வேலைக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. வெட்டுப்பட்ட தூர்கள் ஈட்டியாக நிற்கும், கிளைகள் வளைந்து திரும்பி அடிக்கும். பூம் என்கிற பெரிய கையின் அடிப்பக்க ஓஸ்கள், வண்டியை நகர்த்தும் டிராவல் மோட்டாருக்குப் போகும் ஓஸ்கள் இரண்டும்தான் முதலில் அடிவாங்கும். ஓஸுக்கு மேல் சுருள் உறை போடுங்கள். மாலையில் முள் ஏதும் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

படி 4: சிலிண்டர் ராட்

ராட் வெளியே வரும்போது எண்ணெய்ப் படலத்தோடு வருகிறது, திரும்பப் போகும்போது வைப்பர் சீல் மண்ணை வழித்துவிடுகிறது. ராடில் ஒரு கீறல் இருந்தால் அந்தக் கீறல் சீலைக் கிழிக்கும். கிழிந்த சீல் எண்ணெயை வெளியே விடுவதோடு மண்ணை உள்ளேயும் விடும். சீல் கிட்டை எத்தனை முறை மாற்றினாலும் மாதத்துக்குள் கசிந்தால் கிட்டைக் குறை சொல்லாமல் ராடை நகத்தால் நீளவாக்கில் தடவிப் பாருங்கள். நகம் தட்டினால் காரணம் அங்கேதான். சிறு பிசிறை எண்ணெய்க் கல்லால் மெதுவாகத் தேய்த்து எடுக்கலாம். ஆழமான கீறலுக்கு மறுபடி குரோம் பூசுவதுதான் வழி.

கரிசலிலும் வண்டலிலும் வேலை முடிந்ததும் ராடில் அப்பிய மண்ணைக் காயும் முன் கழுவி எடுங்கள். கடலோரத்தில் வண்டி வாரக்கணக்கில் நிற்கப்போகிறது என்றால், முடிந்தவரை ராடுகள் உள்ளே போகிற நிலையில் நிறுத்தி, வெளியே தெரியும் பகுதியில் கிரீஸைப் பூசி வையுங்கள். மறுபடி எடுக்கும் முன் அந்தக் கிரீஸைத் துடைத்துவிட வேண்டும், அதில்தான் அத்தனை மணலும் ஒட்டியிருக்கும்.

படி 5: சூடு

ஹைட்ராலிக் எண்ணெய்க்கு 50 முதல் 80 டிகிரி வரை சௌகரியம். 82 டிகிரியைத் தாண்டி நாள்கணக்கில் ஓடினால் சீல்கள் விறைத்து வெடிக்கும், எண்ணெயும் மெலிந்து பம்பைக் காப்பாற்றாது. ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் எண்ணெய் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. அக்னி நட்சத்திர வெயிலில் நிழலே 40 டிகிரியை நெருங்கும்போது கூலருக்கு இருக்கிற வேலை சாமானியமானது அல்ல. தொடாமல் சூடு பார்க்கும் அகச்சிவப்புக் கருவி ஒன்று வாங்கி டேங்க் பக்கவாட்டை மதியம் தினமும் பாருங்கள். வழக்கத்தைவிடப் பத்து டிகிரி கூடியிருந்தால் ஏதோ தொடங்கியிருக்கிறது.

முதல் சந்தேகம் ஆயில் கூலர். எண்ணெய்ப் பிசுக்கில் புழுதி ஒட்டி, அதன் மேல் கருவேலஞ் சருகும் வைக்கோலும் படிந்து துடுப்புகளுக்கு நடுவே கெட்டியாகிவிடும். காற்று எந்தப் பக்கம் போகிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஊதியோ கழுவியோ எடுங்கள். தண்ணீரைச் சாய்வாகப் பீய்ச்சினால் துடுப்பு மடங்கிவிடும். இரண்டாவது சந்தேகம் ஆபரேட்டரின் கை. சிலிண்டர் முட்டி நின்ற பிறகும் லிவரை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தால் கூடுதல் அழுத்தத்தை வெளியே விடும் ரிலீஃப் வால்வு திறந்து, பம்பின் முழு பலமும் வெறும் சூடாகப் போகிறது. அந்தக் கிரீச் சத்தம் ஓனருக்கு டீசல் எரிகிற சத்தம்.

பக்கெட் இழுவை போதவில்லை என்று ரிலீஃப் வால்வைத் திருகிப் பிரஷர் ஏற்றிக் கொடுக்கும் கைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. அன்று இழுவை கூடும். தேய்ந்த பம்பை அடித்து ஓட்டுகிற வேலை அது. கேஜ் மாட்டி, கையேட்டு அளவுக்கு வைக்கத் தெரியாதவரை அந்த ஸ்குரூவைத் தொடவிடாதீர்கள்.

படி 6: பிரேக்கர் மாட்டிய வண்டி

குவாரியிலும் கல் உடைப்பிலும் ஓடும் வண்டி தனிச் சாதி. பிரேக்கரின் ஒவ்வொரு அடியும் எண்ணெயில் திரும்பி உதைக்கிறது. பிரேக்கர் உள்ளே தேய்கிற துகள் எல்லாம் ரிட்டர்ன் லைனில் டேங்குக்கு வருகிறது. அதனால் பிரேக்கர் வேலை அதிகமுள்ள வண்டிக்கு ஃபில்டரையும் எண்ணெயையும் மாற்றும் காலத்தைப் பாதி அளவுக்கும் கீழே இறக்குங்கள். எவ்வளவு என்பதற்குப் பெரும்பாலான கையேடுகளில் தனி அட்டவணையே இருக்கிறது.

ஒரே இடத்தில் கால் நிமிடத்துக்கு மேல் அடிக்காதீர்கள். கல் உடையவில்லை என்றால் இடத்தை மாற்றுங்கள். தூளாகிச் சூடாவதைத் தவிர அந்தப் புள்ளியில் வேறொன்றும் நடக்கப்போவதில்லை. உளியைக் கல்லுக்கு நேர்குத்தாக வையுங்கள், அதைக் கடப்பாரையாக நினைத்து நெம்பக் கூடாது. கல் உடைந்த கணமே காலை எடுக்க வேண்டும். வெற்றுக்கு அடிக்கிற ஒவ்வொரு அடியும் பிரேக்கரின் உடம்பிலேயே விழும். பூம், ஆர்ம் சிலிண்டர்கள் முழுக்க நீண்ட அல்லது முழுக்கச் சுருங்கிய நிலையில் அடிக்காதீர்கள், அதிர்ச்சி சிலிண்டர் மூடியில் போய் இறங்கும். தண்ணீருக்குள் அமிழ்த்தி அடிப்பது சாதாரணப் பிரேக்கருக்கு ஆகாது, பிஸ்டன் இருக்கும் இடத்துக்குத் தண்ணீர் ஏறிவிடும்.

கிரீஸ் அடிக்கும்போது பிரேக்கரை நட்டமாக நிறுத்தி, உளியைத் தரையில் அழுத்தி, உளி முழுக்க உள்ளே போன நிலையில்தான் அடிக்க வேண்டும். தொங்கவிட்டபடி அடித்தால் உளிக்கு மேல் இடம் கிடைத்து அங்கே கிரீஸ் நிரம்பிவிடும். முதல் அடியில் பிஸ்டன் அதை நசுக்கிச் சீலைக் கிழித்துக்கொண்டு போகும்.

பிரேக்கரைக் கழற்றிப் பக்கெட் மாட்டும்போது பிரேக்கரின் இரண்டு வாயையும், வண்டிப் பைப்பின் இரண்டு வாயையும் இரும்பு மூடி போட்டு மூடுங்கள். குவாரித் தரையில் திறந்த வாயோடு படுத்துக் கிடக்கும் பிரேக்கர், அடுத்த முறை மாட்டியதும் அங்கே சேர்ந்த கல்தூளை எல்லாம் உங்கள் டேங்குக்கு அனுப்பி வைக்கும்.

படி 7: ஃபில்டரை மாற்றுவதோடு விடாமல், அறுத்துப் பாருங்கள்

அடைபட்ட ஃபில்டர் எண்ணெயை நிறுத்திவிடும் என்று நினைக்கிறோம். நிறுத்தாது. உள்ளே ஒரு பைபாஸ் வால்வு இருக்கிறது. அடைப்பு கூடினால் அது திறந்து, எண்ணெயை வடிகட்டாமலே விட்டுவிடும். வண்டி வழக்கம்போல ஓடும். அதனால்தான் தள்ளிப்போட்ட ஃபில்டரின் விலை உடனே தெரிவதில்லை. பொதுவாக ரிட்டர்ன் ஃபில்டருக்கு 1000 மணி, எண்ணெய்க்கு 2000 மணியோ அதற்கு மேலோ என்று போட்டிருப்பார்கள். நீண்ட ஆயுள் எண்ணெய்களுக்கு அது கூடும். தேரியிலும் குவாரியிலும் ஓடும் வண்டிக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். டேங்கின் பிரீதர் ஃபில்டர் சின்னது, மலிவு. சிலிண்டர் நீளும்போதெல்லாம் டேங்க் மூச்சு இழுப்பது அதன் வழியாகத்தான். எல்லோரும் மறப்பதும் அதைத்தான்.

கழற்றிய ஃபில்டரைக் குப்பையில் போடும் முன் உறையை அறுத்து, மடிப்புத் தாளை விரித்து வெயிலில் பிடியுங்கள். மஞ்சளாக மின்னினால் பித்தளை, வெண்கலம்: பம்பின் அல்லது மோட்டாரின் உள்பாகம் தேய்கிறது. காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. கறுப்பு ரப்பர்த் துணுக்கு என்றால் ஏதோ ஒரு சிலிண்டர் சீல் உதிர்கிறது. மணல் என்றால் எங்கோ வழி திறந்திருக்கிறது, அதைத் தேடுங்கள். எக்ஸ்கவேட்டரில் பம்புக்குள் கசியும் எண்ணெயை டேங்குக்குத் திருப்பும் கேஸ் டிரெயின் லைனில் தனி ஃபில்டர் இருந்தால் அதையும் பாருங்கள். பம்பின் நோய் முதலில் தெரிவது அங்கேதான். பார்த்ததைத் தேதியும் மணியும் போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எண்ணெய்ப் பரிசோதனைக்கு அனுப்ப வசதி இருந்தால், வண்டி ஓடிச் சூடாக இருக்கும்போது மாதிரி எடுங்கள். அறிக்கையில் சிலிக்கான் ஏறினால் மண், செம்பு ஏறினால் பம்ப், குரோமியம் ஏறினால் ராட்.

வடித்த எண்ணெயைக் குளத்தங்கரையிலோ ஓடையிலோ ஊற்றக் கூடாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி உள்ள மறுசுழற்சிக்காரர்களுக்குத்தான் கொடுக்க வேண்டும், 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகள் அப்படித்தான் சொல்கின்றன.

மழையில் முங்கிய வண்டி

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. அப்படி வண்டி முங்கிவிட்டால், தண்ணீர் வடிந்ததும் "ஸ்டார்ட் ஆகுதா பாப்போம்" என்று சாவியைத் திருகாதீர்கள். பிரீதர் முங்கியிருந்தால் டேங்கில் தண்ணீர் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், ஒரு நாள் விட்டால் அடியில் தங்கும். டேங்கின் அடித் திருகைத் திறந்து முதலில் தண்ணீரை விடுங்கள், பின் எண்ணெய் முழுவதையும் வடியுங்கள். டேங்கைத் துடைத்து, எல்லா ஃபில்டரையும் மாற்றி, புது எண்ணெயில் கொஞ்ச நேரம் சுமையில்லாமல் ஓட்டி எல்லாச் சிலிண்டரையும் நீட்டிச் சுருக்குங்கள். பிறகு அந்த எண்ணெயையும் வடித்துவிட்டு மறுபடி நிரப்ப வேண்டும். இரண்டு முறை எண்ணெய் வாங்குவது வயிற்றெரிச்சல்தான், ஆனால் துருப்பிடித்த ஸ்பூலும் பம்பும் அதைவிட அதிகம் கேட்கும்.

பம்ப் போயே விட்டால்

புதுப் பம்ப் மாட்டி ஒரே மாதத்தில் அதுவும் போனது என்று புலம்புபவர்கள், பழைய பம்ப் உதிர்த்த துகள்களை உள்ளேயே விட்டுப் புதியதை மாட்டியவர்கள். வரிசை இப்படி இருக்கட்டும்:

1. பழைய பம்ப் ஏன் போனது என்று முதலில் கண்டுபிடியுங்கள். ஸ்ட்ரெய்னர் அடைப்பா, காற்றா, தண்ணீரா, மணலா.
2. டேங்கைத் திறந்து கையால் துடையுங்கள். ஸ்ட்ரெய்னர், எல்லா ஃபில்டர், பிரீதர் எல்லாம் புதிது.
3. ஆயில் கூலரைத் தனியே கழற்றி அலசுங்கள். அதன் நுண்குழாய்களில் தங்கும் துகள் லேசில் வராது; சந்தேகம் இருந்தால் மாற்றிவிடுங்கள்.
4. ஓஸ்களை அலசி, வால்வு ஸ்பூல்களைப் பார்த்து, சிலிண்டர்களில் இருக்கும் பழைய எண்ணெயையும் வெளியேற்றுங்கள். அது டேங்குக்குத் திரும்பக் கூடாது.
5. புதுப் பம்பின் உடம்பில் டிரெயின் வாய் வழியாகச் சுத்தமான எண்ணெயை நிரப்பிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். வறட்டு பம்ப் சில விநாடிகளில் கீறிக்கொள்ளும்.
6. குறைந்த வேகத்தில், சுமையில்லாமல் பத்து நிமிடம் ஓடட்டும். காற்று வெளியேறிய பின் கேஜ் மாட்டிப் பிரஷர் பாருங்கள்.
7. 50 மணி நேரத்தில் ஃபில்டரை மாற்றி அறுத்துப் பாருங்கள்.

நாலாவதைத்தான் பெரும்பாலும் தாண்டிவிடுகிறார்கள், ஒரு நாள் கூடுதலாக ஆகிறது என்று.

பழைய வண்டி வாங்கப் போனால்

இந்தச் சோதனைகள் எல்லாம் வாங்கும்போதும் உதவும். வண்டியை அரைமணி நேரம் வேலை வாங்கி எண்ணெயைச் சூடாக்கச் சொல்லுங்கள். குளிர்ந்த எண்ணெய் பல குறைகளை மறைக்கும். பக்கெட்டில் மண் நிரப்பி மேலே தூக்கி, இன்ஜினை அணைத்து, கீழே யாரும் போகாமல் தள்ளி நின்று ஐந்து நிமிடம் கவனியுங்கள். கண்ணுக்குத் தெரிய இறங்கினால் சிலிண்டர் சீலிலோ வால்விலோ உள்கசிவு. சமதளத்தில் நேரே ஓட்டச் சொல்லுங்கள். செயின் வண்டி ஒரு பக்கமாக ஒதுங்கினால் டிராவல் மோட்டாரையோ பம்பையோ சந்தேகிக்கலாம். ரிலீஃப் வால்வின் லாக் நட்டில் கம்பெனி பெயிண்ட் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

எண்ணெயும் ஃபில்டரும் புத்தம் புதிதாக இருந்தால் சந்தோஷப்பட்டுவிட வேண்டாம். கழற்றிய பழைய ஃபில்டர் எங்கே என்று கேளுங்கள். அதைக் காட்ட முடியாவிட்டால் பேசுகிற விலையில் ஒரு பம்ப் விலையைக் கழித்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.